அரிய ஆங்கிலச் சொற்களை அறியும் நெறி

கலாசாலையிற் புதிதாய்ப் புகும் மாணாக்கரை வருத்தும் அச்சங்கள் பல. அவற்றுள் தலையாயது ஆங்கிலச் சொல்லச்சம் எனலாம். தாய்மொழி வாயிலாகப் பள்ளிக்கல்வியை நன்கு முடித்து, உயர்ந்த மதிப்பெண்ணும் பெற்று வந்த ஒருவன், ஆங்கில நூலொன்றன் முதற் பக்கத்தை விரித்தவுடனே, வரிக்கு இரண்டு மூன்றாக எதிர்ப்படும் நெடுஞ்சொற்களைக் கண்டு திகைக்கின்றான். அவை விளங்காமை தன் அறிவின் குறையே எனத் தானே முடிவு செய்துகொள்கின்றான். அன்றுமுதல் வகுப்பில் பின்வரிசையை நாடுகின்றான். வினவ வேண்டியவற்றை வினவாது விடுகின்றான். மாணவியர் நிலையும் இத்தகையதே. இஃது அறிவின் குறையன்று, வழியறியாமையே என்பதையும், அவ்வழி நம் தமிழிலக்கணத்திலேயே நமக்குக் கிடைத்துள்ளது என்பதையும் விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் அணித்தாய், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை நோக்கி அமைந்தது மம்சாபுரம் என்னும் பேரூர். இத்தகைய ஊர்களிலிருந்து உயர்கல்விக்கு வரும் மாணாக்கர் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதல் ஆங்கிலம் படிப்போராவர். ஆகவே, வீட்டிற்கு வரும் ஆங்கிலக் காகிதம் ஒவ்வொன்றும் அவர்தம் கையிலேதான் வந்து சேரும். வங்கியிலிருந்து வரும் கடன் பத்திரத்தை, 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று தந்தை நீட்டுவார். மருத்துவமனைச் சீட்டைப் பாட்டி நீட்டுவார். அவற்றிற் காணப்படுவன எளிய சொற்களல்ல. ஆதலின் அரிய சொற்களை அறிதல் பரீட்சைக்கு மட்டும் வேண்டப்படுவதன்று. குடும்பத்தின் பொருளுக்கும் உயிருக்கும் வேண்டப்படுவதாகும்.

இரண்டு உதாரணங்கள் காட்டுவோம். மருத்துவச் சீட்டில் ஹைபர்டென்ஷன், ஹைபோடென்ஷன் என இரு சொற்கள் வருவதுண்டு. செவிக்கு இவை ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் கிரேக்க மொழியில் ஹைபர் என்பது மேல், மிகுதி எனப் பொருள்படும். ஹைபோ என்பது கீழ், குறைவு எனப் பொருள்படும். முன்னது இரத்த அழுத்தம் மிகுதலையும் பின்னது அது குறைதலையும் குறிக்கும். ஒன்றற்குரிய மருந்து மற்றொன்றற்குக் கேடாம். இனி, கடனில் வாங்கிய வாகனத்தின் பதிவுச் சான்றில் ஹைபாதிகேஷன் என்னும் சொல் எழுதப்பட்டிருக்கும். இதுவும் அந்த ஹைபோ என்பதன் வழியே வந்ததே. 'கீழே வைத்தல்', அதாவது ஈடாக வைத்தல் என்பது அதன் மூலப்பொருள். நகையை அடகு வைத்தால் நகை கடன் கொடுத்தவரிடம் போய்விடும். ஹைபாதிகேஷனிலோ பொருள் கடனாளியிடமே இருக்கும், ஆனால் தவணை தவறினால் கடன் கொடுத்தவர்க்கு அதன்மேல் உரிமை உண்டு. வண்டி வீட்டு வாசலில் நிற்பதனால் அதனைத் தம் விருப்பம்போல் விற்றுவிடலாமென நினைப்போர், இவ்வொரு சொல்லை அறியாமையால் வழக்கில் அகப்படுவர்.

இத்தகைய சொற்களைக் கற்க மாணாக்கர் பெரும்பாலும் கைக்கொள்ளும் முறை யாது? சொற்பட்டியல் ஒன்றை வாங்கி, இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் பொருளுமாக நாளொன்றுக்கு ஐம்பது அறுபதென உருப்போடுகின்றனர். பரீட்சை முடிந்த மறுவாரம் அவற்றுள் பத்தும் நினைவில் நில்லா. இதன் காரணத்தை ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1885-இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில் விளக்கினார். அவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை எத்துணை விரைவில் மறக்கின்றன என்பதை அளந்து பார்த்தார். பொருளுடைய செய்யுளை மனனம் செய்வதற்கோ, அதே அளவான பொருளற்ற அசைகளுக்கு வேண்டிய முயற்சியில் ஏறக்குறைய பத்திலொரு பங்கே போதுமாயிருக்கக் கண்டார். பிரித்தறியப்படாத ஆங்கிலச் சொல் நமக்குப் பொருளற்ற அசைக்கூட்டமே. அதனைப் பிரித்துப் பொருள் கண்டவுடன் அது செய்யுளைப் போல் நெஞ்சிற் பதிகின்றது.

'நம் முன்னோர் நிகண்டுகளை உருப்போட்டனரே' எனச் சிலர் வினவலாம். உண்மையே. திண்ணைப் பள்ளியில் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டைச் சிறுவர் மனனம் செய்தனர். ஆனால் நிகண்டு சொற்களை எழுத்து வரிசையிலோ கண்டவாறோ அடுக்கவில்லை. தேவப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் எனப் பொருள் வகையால் தொகுத்து, ஓசையமைந்த செய்யுளில் வைத்தது. இனம் இனத்தோடு சேர்ந்தமையால் அவை நினைவில் நின்றன. ஆங்கிலத்தில் ரோஜே என்னும் மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தெசாரஸ் என்னும் நூல் பொருள் வகையாற் சொற்களைத் தொகுத்ததற்காகப் புகழ் பெற்றது. அம்முறை தமிழருக்குப் பல நூற்றாண்டுகளாகப் பழக்கமானதே. ஆதலின் குறை மனனத்தில் இல்லை. இனமும் தொடர்பும் இன்றி மனனம் செய்வதிலேயே உள்ளது.

இனி, செய்ய வேண்டுவன மூன்று. சொல்லைப் பிரித்தறிதல் ஒன்று. வழக்கில் வைத்து உணர்தல் ஒன்று. தமிழில் நிறுத்திக் காணுதல் ஒன்று. இவற்றை முறையே ஆராய்வோம்.

பிரித்தறிதற்கு முன், ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சிறிது தெரிந்துகொள்ளல் வேண்டும். தமிழ்ச் செய்யுளில் வழங்கும் சொற்களைத் தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். ஆங்கிலத்தையும் இந்நோக்கிற் காணலாம். அம்மொழிக்கு இயற்சொல்லாவன பழைய ஆங்கிலோ சாக்ஸன் சொற்கள். அவை பெரும்பாலும் குறுகியவை, வீட்டிலும் வயலிலும் வழங்குவன. 1066-இல் நார்மண்டி நாட்டார் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன. கற்றோர் வழியாக இலத்தீன், கிரேக்கச் சொற்கள் வந்தன. நமக்கு வடசொல் எப்படியோ அப்படி அவர்க்கு அவை. இதனாலேயே ஒரு பொருளுக்கு மூன்று சொற்கள் உண்டாயின. கேட்டல் என்பதற்கு ஆஸ்க் என்பது இயற்சொல். கொஸ்சன் என்பது பிரெஞ்சு வழி வந்தது. இன்டெரோகேட் என்பது இலத்தீன் வழி வந்தது. தாய் கேட்பது முதற் சொல், ஆசிரியர் கேட்பது இரண்டாம் சொல், போலீசார் கேட்பது மூன்றாம் சொல் என்று கொண்டால் அவற்றின் வேறுபாடு எளிதில் விளங்கும். நம்மைத் திகைக்கச் செய்யும் அரிய சொற்களிற் பெரும்பாலானவை மூன்றாம் வகையினவே. அவையே பிரித்தறிதற்கு மிகவும் இடந்தருவன.

பகுபதம் ஒன்றன் உறுப்புக்கள் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு என்பது நன்னூல் கற்றோர் அறிந்ததே. 'நடந்தனன்' என்பதனை நட என்னும் பகுதியாகவும், சந்தியும் விகாரமும் இடைநிலையும் சாரியையும் விகுதியுமாகவும் பிரித்துக் காட்டும் மாணாக்கனுக்கு ஆங்கிலச் சொல்லைப் பிரித்தல் அரிதன்று. ஆங்கிலத்தில் பகுதிக்கு முன்னும் ஓர் உறுப்பு வந்து ஒட்டும் என்பதே வேறுபாடு. ஸ்பெக் என்னும் இலத்தீன் பகுதிக்குப் 'பார்த்தல்' என்பது பொருள். பார்த்திருப்பவர் ஸ்பெக்டேட்டர். உள்ளே நுழைந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். முன்னோக்கிப் பார்ப்பது பிராஸ்பெக்ட். பின்னோக்கிப் பார்ப்பது ரெட்ராஸ்பெக்ட். சுற்றிலும் பார்த்து நடப்பவன் சர்கம்ஸ்பெக்ட், அதாவது எச்சரிக்கையுடையவன். ஒரு பகுதியை அறிந்ததனால் ஐந்து சொற்கள் நம் வசமாயின.

விகாரமும் அங்ஙனமே. 'மரம்' என்பது 'கள்' விகுதியோடு சேர 'மரங்கள்' ஆவது நமக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் எதிர்மறை காட்டும் இன் என்னும் முன்னுறுப்பு, பின்வரும் எழுத்துக்கேற்பத் திரியும். லீகல் என்பதன்முன் இல் ஆகி இல்லீகல் என்றும், பாஸிபிள் என்பதன்முன் இம் ஆகி இம்பாஸிபிள் என்றும், ரெகுலர் என்பதன்முன் இர் ஆகி இர்ரெகுலர் என்றும் வரும். இவை மூன்றும் மூன்று வேறு உறுப்புக்கள் என எண்ணி உருப்போடுவோர் பலர். மெய்ம்மயக்கமும் புணர்ச்சியும் கற்ற தமிழ் மாணாக்கன் இவை ஒன்றே எனக் கண்டவுடன் அறிவான்.

அறிவியற் பெயர்களும் இவ்வழியே திறந்துகொடுக்கும். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பை அடுத்த மலைக்காட்டில் சாம்பல் நிற அணில் வாழ்கின்றது. அதன் பொருட்டு 1988-இல் அங்கு ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. 2021-இல் அக்காடு திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அவ்வணிலுக்கு விலங்குநூலார் இட்ட பெயர் ரட்டூஃபா மாக்ரூரா என்பது. கேட்டவுடன் அஞ்சத்தக்கதாய்த் தோன்றும் இதன் பிற்பாதியைப் பிரித்தால், மாக்ரோஸ் என்பது நீளம், ஊரா என்பது வால், இரண்டும் கிரேக்கம். நீண்ட வாலுடையது என்பதே பொருள். நம் ஊர்ச் சிறுவன் மரக்கிளையிற் கண்டு முதலிற் சொல்வதும் இதுவன்றோ!

ஆயினும் பிரித்தல் ஒன்றே போதுமென நினைப்பது பிழை. இங்கே இரண்டாவது விதி வந்து காக்கும். அது வழக்கு நோக்கல். சிவகாசியில் பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் சாலைகளிலும், அவற்றைச் சுமக்கும் லாரிகளிலும், இன்ஃபிளேமபிள் என்னும் சொல்லைக் காணலாம். இன் என்பது எதிர்மறை என்று மட்டும் கற்றவன் இதற்குத் 'தீப்பற்றாதது' எனப் பொருள் கொள்வான். உண்மைப் பொருள் 'எளிதில் தீப்பற்றுவது' என்பதாம். இலத்தீனில் இன் என்னும் வடிவம் இரண்டு உண்டு. ஒன்று எதிர்மறை, மற்றொன்று 'உள்ளே' என்பது. இச்சொல்லில் வந்தது பின்னது. இம்மயக்கத்தால் உயிர்ச்சேதம் நேரலாகாது என்று கருதியே, பிற்காலத்தில் எச்சரிக்கைப் பலகைகளில் ஃபிளேமபிள் என்னும் குறுகிய வடிவத்தை வழங்கலாயினர். ஒரு முன்னுறுப்பைத் தவறாக உணர்ந்தவன் தீக்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு மருந்து அறைக்குள் செல்வானாயின் விளைவு என்னாகும்!

பகுதியும் ஏமாற்றும். இலத்தீனில் பெட் என்பது கால். மிதிவண்டியிற் காலால் மிதிப்பது பெடல். காலால் நடந்து செல்பவர் பெடஸ்ட்ரியன். ஆனால் பெடகாக் என்னும் ஆசிரியப் பெயரில் உள்ளது கிரேக்கப் பகுதி; அதற்குக் குழந்தை என்பது பொருள். பண்டைக் கிரேக்க நாட்டில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற பணியாளனுக்கு அப்பெயர் வழங்கிற்று. ஒலியொப்புமை கண்டு மயங்குதல் கூடாது.

காலமும் பொருளை மாற்றும். 'நாற்றம்' என்பது முன்னாளில் நறுமணத்தைக் குறித்தது. இந்நாளில் தீநாற்றத்தையே குறிக்கின்றது. நைஸ் என்னும் ஆங்கிலச் சொல் இதற்கு மறுதலையாய்ச் சென்றது. முன்னர் அறிவிலி எனப் பொருள்பட்ட அது இப்போது நல்லது, இனியது எனப் பொருள்படுகின்றது. ஆகையால் ஒரு சொல்லைப் பிரித்துப் பொருள் ஊகித்தபின், அச்சொல் வந்த வாக்கியத்தை மீண்டும் படித்து, அப்பொருள் அங்குப் பொருந்துகின்றதா என ஆராய்ந்து, பின்னர் அகராதியைப் புரட்டுதல் வேண்டும். இம்முறையை மாற்றி, முதலிலேயே அகராதியை நாடுவோர்க்குச் சொல் நிலைப்பதில்லை. இக்காலத்தில் கைபேசியிலேயே அகராதி அமைந்துவிட்டது. ஒரு நொடியிற் கிடைக்கும் பொருள் மறு நொடியில் மறைவதும் இதனாலேயே.

வழக்கறியாது பெருஞ்சொற்களைப் பெய்வோர் நகைப்புக்கிடமாவர். 1775-இல் ஷெரிடன் என்பார் அரங்கேற்றிய ரைவல்ஸ் என்னும் நாடகத்தில் மாலப்ராப் அம்மையார் என்பவள், முதலையினத்தைக் குறிக்கும் அல்லிகேட்டர் என்னும் சொல் வரவேண்டிய விடத்தில், உருவகக் கதை எனப் பொருள்படும் அல்லெகரி என்னும் சொல்லைக் கூறுவாள். அன்றுமுதல் அத்தகைய பிழைக்கு அவள் பெயரே வழங்குகின்றது. அரிய சொல்லைப் பயின்றது அதனைப் பிறர் எழுத்தில் தெளிவாக உணர்தற்கே. நம் எழுத்தில் எளிய சொல் போதுமாயின் எளிய சொல்லே சிறந்தது.

மூன்றாவது விதி, தமிழில் நிறுத்திக் காணுதல். ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருளையே எழுதி வைப்பது, ஒரு பூட்டின் திறவுகோலை மற்றொரு பூட்டிய பெட்டியில் வைப்பது போலாம். தமிழில் அதற்கு நேர் நிற்பது யாது எனத் தேடுக. தேடினால் வியப்பான ஒற்றுமைகள் தோன்றும். பிரிபாஸ்டரஸ் என்னும் சொல்லைப் பிரித்தால் 'முன்' என்பதும் 'பின்' என்பதும் ஒன்றோடொன்று மாறி நிற்பதைக் காணலாம். நாமும் பொருந்தாப் பேச்சை 'முன்னுக்குப்பின் முரண்' என்போம். கேண்டிட் என்பதன் மூலப்பொருள் வெண்மை. கள்ளமற்றவனை நாமும் 'வெள்ளை உள்ளத்தான்' என்போம். அவ்வெண்மையிலிருந்தே கேண்டிடேட் என்பதும் வந்தது; உரோமாபுரியில் பதவி வேண்டி நின்றோர் வெளுத்த ஆடை உடுத்து மக்கள்முன் வருவர். நம் நாட்டுத் தேர்தலில் வெள்ளை வேட்டியுடன் வீதிவலம் வருவோரைக் கண்டவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! இம்பீட் என்பதற்குக் காலைத் தளையிடுதல் என்பதும், எக்ஸ்பெடைட் என்பதற்குக் காற்றளையை அவிழ்த்தல் என்பதும் மூலப்பொருள். மேய்ச்சலுக்கு விட்ட கழுதையின் முன்னங்கால்களைக் கட்டியிருக்கக் கண்ட கிராமத்து மாணாக்கனுக்கு இவ்விரண்டும் ஒருகாலும் மறவா.

அன்றியும், ஆங்கிலத்திலேயே நம் சொற்கள் சில குடிபுகுந்துள்ளன. நம் கட்டுமரமே அவர்க்குக் கட்டமரான், சுருட்டே செரூட், மிளகுதண்ணீரே முல்லிகடானி. தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னெல் என்பாரும் யூல் என்பாரும் இத்தகைய இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்ஸன் ஜாப்ஸன் என்னும் அகராதி 1886-இல் வெளிவந்தது. கொண்டும் கொடுத்தும் வாழ்வதே மொழிகளின் இயல்பு. ஆதலின் அந்நியமென அஞ்ச வேண்டுவதில்லை.

இம்மூன்று விதிகளும் புதியனவல்ல. நம் மொழியைக் கற்க வந்த மேனாட்டார் கைக்கொண்ட வழியும் இதுவே. இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழ்ப் புலவரிடம் பாடங்கேட்டு, நிகண்டுகளை ஆராய்ந்து, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளையுடைய சதுரகராதியை 1732-இல் இயற்றினார். ஜெர்மானியரான பாப்ரிசியஸ் சென்னை வேப்பேரியில் 1779-இல் தமிழ் ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் நைட் என்பார் தொடங்கிய தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்க மிஷனைச் சார்ந்த வின்ஸ்லோ 67,000-க்கு மேற்பட்ட சொற்களையுடைய அகராதியைச் சென்னையில் 1862-இல் முடித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் பணியை 1913-இல் தொடங்கிய சாண்ட்லர் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்தவர். 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராயிருந்து, 1936-இல் அதன் ஆறு தொகுதிகளையும் நிறைவேற்றினார். இவர்கள் யாவரும் கேட்ட சொல்லை எழுதினர், பிரித்தனர், வழக்கில் ஒப்பு நோக்கினர், தம் மொழியில் நேர் நிறுத்தினர். கடல் கடந்து வந்து, நாற்பது ஐம்பது வயதிலும் நம் ழகரத்தோடு போராடிய அவர்க்கு முடிந்தது, பதினெட்டு வயதில் இருக்கும் நமக்கு முடியாதோ?

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இன்னும் ஒரு படி மேற்சென்றார். தம் மாணாக்கர் மருத்துவச் சொற்களை உணர்ந்து கற்றாலன்றி உயிர் காக்க இயலாது என்று கருதி, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அவற்றிற்குரிய கலைச்சொற்களையும் ஆக்கி, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். சொல் விளங்காவிடில் தொழிலும் விளங்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

முடிவாக, செயல்முறை ஒன்று கூறுவோம். ஒவ்வொரு மாணாக்கனும் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்க. நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும்; ஆறாவது வேண்டா. அவை பட்டியலிலிருந்து எடுத்தவையாயிராமல், அன்று படித்த பாடத்திலோ பத்திரிகையிலோ வீட்டிற்கு வந்த காகிதத்திலோ எதிர்ப்பட்டவையாயிருத்தல் வேண்டும். சொல், அதன் உறுப்புக்கள், அது வந்த வாக்கியம், நேரான தமிழ்ச்சொல், தானே அமைத்த வாக்கியம் என ஐந்து கலங்களில் எழுதுக. மறுநாளும், மூன்றாம் நாளும், வாரக் கடைசியிலும், மாதக் கடைசியிலும் தமிழ்க் கலத்தை மட்டும் பார்த்து ஆங்கிலச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க. விடுமுறை நீங்கலாக ஆண்டில் 300 நாள் இங்ஙனம் செய்யின் 1,500 சொற்களும், மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பில் 4,500 சொற்களும் சேரும். ஒரே பகுதியிற் பிறந்த சொற்கள் ஒன்றையொன்று அழைத்து வருமாதலால் அறிந்த சொற்களின் தொகை இதனினும் மிகும்.

இக்குறிப்பேட்டால் வரும் பயன் எழுதியவனோடு நில்லாது. தந்தை நீட்டிய கடன் பத்திரத்தைப் படித்து, 'இதன் பொருள் இன்னது. இந்த இடத்தில் கையெழுத்திடுமுன் இதைக் கேளுங்கள்' என்று தெளிந்த தமிழிற் சொல்ல வல்லவனே கற்றவன். அரிய சொல்லை வாயில் வைத்து ஊரை மருட்டுவோன் கற்றவனாகான். தமிழிலே நின்று ஆங்கிலத்தை அறிவோம். அறிந்ததை நம் வீட்டார்க்கும் ஊரார்க்கும் தமிழிலே விளக்குவோம்.